பழைய சேவையகங்களும் பொறுப்பின் கேள்வியும்
பழைய சேவையகங்கள் புதுப்பிக்கப்படாமைக்கு ஊழியரின் அசிரத்தையே காரணம் என்னும் விளக்கம் மேலோட்டமானது என நாம் கருதுகிறோம். அமெரிக்கக் கடன்தகவல் நிறுவனமான எக்விபாக்ஸில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அப்பாச்சி ஸ்ரட்ஸ் மென்பொருளின் குறைபாட்டுக்கான திருத்தம் 2017 மார்ச் 7இல் வெளிவந்தது. அதனை 48 மணித்தியாலத்துள் பொருத்துமாறு நிறுவனத்துள் பணிப்புரையும் சென்றது. ஆயினும், 1970களில் உருவாக்கப்பட்ட நுகர்வோர் முறைப்பாட்டுத் தொகுதியிலும் அம்மென்பொருள் இயங்கியமை கண்டறியப்படவில்லை. எச்சேவையகத்தில் எது இயங்குகிறது என்பதற்கு முழுமையான பட்டியலே இருக்கவில்லை. கண்காணிப்புக் கருவியோ, சான்றிதழ் காலாவதியானமையால், 19 மாதங்கள் செயலற்றுக் கிடந்தது. யூலை 29இல் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டதும் ஊடுருவல் தென்பட்டது. அதற்குள் 14 கோடிக்கும் மேற்பட்டோரின் விபரங்கள் களவாடப்பட்டுவிட்டன. பதவி விலகிய தலைவர் ஒக்டோபர் விசாரணையில் ஒருவரின் தவறையும் வருடுமென்பொருளின் தவறையுமே முன்வைத்தார். 2018 டிசம்பரில் வெளிவந்த பிரதிநிதிகள் சபைக் குழுவின் அறிக்கையோ, சிக்கலான பழைய தொகுதிகளையும் நிருவாக அமைப்பின் குறைபாட்டையும் சுட்டியது.