காவல் நாயின் சிறுநீர் காட்டும் நோய்க்குறிகள்



வயலிற் பன்றி புகாமலும் தோட்டத்திற் குரங்கு இறங்காமலும் காக்கும் நாய், தன் நோயை வாய்திறந்து கூறமாட்டாது. அதன் சிறுநீரோ பலவற்றைக் கூறும். நாய் வழமைக்கு மாறாக மிகுந்த நீர் குடித்தாலும், மெலிந்தாலும், உணவை மறுத்தாலும் அதன் சிறுநீரைச் சோதிப்பித்தல் நன்று.

சேகரிக்கும் முறை

காலையில் முதலிற் கழிக்கும் சிறுநீரே உகந்தது. கையுறை அணிந்து, கழுவி உலர்த்திய அகன்ற பாத்திரத்தில் அதனை ஏந்துங்கள். நிலத்திற் சிந்தியது சோதனைக்கு உதவாது. மூடியுள்ள போத்தலில் இட்டு, ஒரு மணித்தியாலத்துள் மிருக வைத்தியரிடம் சேர்ப்பியுங்கள்.

சோதனை காட்டுவன

மருந்து தோய்ந்த தாட்கீற்றைச் சிறுநீரில் நனைத்து, அதன் நிறமாற்றத்தை வைத்தியர் நோக்குவார்.

1. குளுக்கோசு: நலமுள்ள நாயின் சிறுநீரில் இது தோன்றாது. தோன்றின் நீரிழிவு உண்டோவென ஐயுற்று, குருதியையும் சோதிக்க வேண்டும்.

2. புரதம்: தொடர்ந்து மிகுந்திருப்பின் சிறுநீரகம் பழுதுற்றிருக்கலாம்.

3. பிலிருபின் என்னும் பித்த நிறப்பொருள்: செறிந்த சிறுநீரிற் சிறிதளவு இருத்தல் நாய்க்கு இயல்பே. மிகுந்தால் ஈரல் நோயோ, செங்குருதிக் கலங்களின் அழிவோ காரணமாகலாம்.

4. தன்னீர்ப்பு: இது நீரோடு ஒப்பிட்ட பாரமாகும். இதனைத் தாட்கீற்றால் அன்றிக் கருவியாலேயே அளத்தல் வேண்டும். 1.030 இற்கு மேற்பட்டால் சிறுநீரகம் நீரை நன்கு செறிவாக்குகின்றது எனலாம். உடல் நீரிழந்த நிலையிலும் 1.008 முதல் 1.012 வரையே நிற்பின், அது சிறுநீரகத் தளர்ச்சிக்கு அறிகுறி.

எலிக்காய்ச்சல்

வயலில் இறங்குவோர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். இந்நோய்க் கிருமி நாயின் சிறுநீரகத்திற் தங்கி, சிறுநீருடன் வெளியேறி, நீரிலும் சேற்றிலும் கலந்து, நம் காலிலுள்ள புண்வழி உடலுட் புகும். நோயுற்ற நாய்க்குக் காய்ச்சல், வாந்தி, கண்மஞ்சள் என்பன தோன்றலாம். சிறுநீரிற் புரதமும் பித்த நிறப்பொருளும் மிகலாம். ஆனால் தாட்கீறு கிருமியைக் காட்டாது. நலமாகத் தோன்றும் நாயும் கிருமியைப் பரப்பக்கூடும். ஆகையால்,

• ஆண்டுதோறும் நாய்க்குத் தடுப்பூசி ஏற்றுவியுங்கள்.
• கிணற்றடியிலும் வாய்க்காலோரத்திலும் நாயைக் கட்டாதீர்கள்.
• எலிகளை ஒழியுங்கள். புண்ணை மூடியே வயலில் இறங்குங்கள்.
• உழவு தொடங்குமுன், தடுப்பு மருந்து பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியுங்கள்.

உங்களுக்குக் காய்ச்சல் கண்டால் கைமருந்துடன் காத்திராது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சேற்றில் வேலை செய்ததையும் நாய் நோயுற்றிருந்ததையும் வைத்தியரிடம் தவறாது கூறுங்கள். அச்சொல் உங்கள் உயிரைக் காக்கக்கூடும்.