சூடே இல்லாமல் ஒரு மாற்றம்

பனிக்கட்டி உருகச் சூடு வேண்டும். சூடே இல்லாத இடத்தில்? குளிரின் அடிமட்டம் மைனஸ் 273.15 டிகிரி செல்சியஸ். அங்கேயும் ஒரு பொருள் தன் குணத்தை அடியோடு மாற்றிக்கொள்ளலாம். இதுதான் குவாண்டம் நிலை மாற்றம்.

அதைப் புரிந்துகொள்ள, தாளில் தேனடை போல அறுங்கோணங்களை ஒட்டி ஒட்டி வரையுங்கள். மூலைக்கு ஒரு கார்பன் அணு. கிராஃபீன் தயார்! 2004இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கெய்மும் கான்ஸ்டன்டின் நோவோசெலவும் கிராஃபைட்டைச் சாதாரண ஒட்டு நாடாவால் உரித்து உரித்தே இதை எடுத்தார்கள். (உங்கள் பென்சில் முனையில் இருப்பதும் கிராஃபைட்தான்.)

இந்தத் தாளில் மூலைக்கு ஒன்று என்ற கணக்கில் எலெக்ட்ரான்கள் தாவித் திரிகின்றன. அவை ஃபெர்மியான் வகை. ஸ்பின் என்ற குணம் ஒவ்வொன்றுக்கும் உண்டு. மேல் அல்லது கீழ். ஒரே ஸ்பின் உள்ள இரண்டு ஒரே மூலையில் இருக்கவே முடியாது. எதிரெதிர் ஸ்பின் என்றால் இருக்கலாம். ஆனால் ஒன்றையொன்று தள்ளும். தாவலும் தள்ளலும், இந்த இரண்டை மட்டும் வைத்து 1963இல் ஜான் ஹப்பார்டு ஒரு கணக்கு எழுதினார். ஒரே வரிதான். பெரிய கணினிகளே இன்றும் அதில் திணறுகின்றன.

தள்ளல் குறைவு என்றால் ஓட்டம் தாராளம். தள்ளலைக் கூட்டிக்கொண்டே போங்கள். தாவலின் வலுவைப் போலச் சுமார் 3.8 மடங்கைத் தாண்டியதும் எல்லாம் மூலைக்கொன்றாக முடங்கிவிடும் என்கிறது கணினி. அதோடு முடியவில்லை. பக்கத்து மூலையில் எதிர் ஸ்பின் இருந்தால் மட்டும் ஓர் எலெக்ட்ரான் ஒரு கணம் அங்கே எட்டிப் பார்த்துத் திரும்பலாம். அதில் கொஞ்சம் ஆற்றல் மிச்சம். ஆகவே சூடே இல்லாமல் தாள் முழுக்க மேல், கீழ், மேல், கீழ் என்று ஒழுங்கு வந்துவிடுகிறது.

நீங்கள் வரைந்த படத்தில் மேல் ஸ்பின் என்று ஒரு மூலைக்குச் சிவப்புப் புள்ளி வையுங்கள். அதன் அண்டை மூன்றுக்கும் கீழ் ஸ்பின் என்று நீலம். இப்படியே போனால் எங்கும் இடிக்காது. நீலத்தில் தொடங்கினாலும் அப்படியே. எதில் தொடங்கவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை, ஆனால் முதல் புள்ளி விழுந்ததும் மற்றதெல்லாம் முடிவாகிவிடும். சமச்சீர் முறிவு என்பது இதுதான்.

நிஜக் கிராஃபீனில் தள்ளல் அந்த எல்லையை எட்டவில்லை. எலெக்ட்ரான்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சரி, மேல்-கீழ் ஒழுங்கைக் கண்ணால் பார்க்கவே முடியாதா? 2017இல் ஹார்வர்டில் பார்த்தார்கள். லேசர் ஒளியால் அமைத்த சதுரக் கட்டத்தின் சுமார் 80 இடங்களில், எலெக்ட்ரானுக்குப் பதிலாகக் குளிர்ந்த லித்தியம் அணுக்கள். ஒரு ஸ்பின் கொண்டவற்றை மட்டும் வெளியே தள்ளிவிட்டு நுண்ணோக்கியில் படம் எடுத்தார்கள். மிச்சம் இருந்த அணுக்கள் ஒன்று விட்டு ஒன்றாக நின்றன.