பூட்டின் இரு புறமும்

நோய்க்கு அஞ்சி மனிதரை மறித்து வைக்கும் வழக்கம் தலைமன்னாருக்குப் புதிதன்று. தனுஷ்கோடிக் கப்பல் ஓடிய நாட்களில், இக்கரைக்கு வரவிருந்த தோட்டத் தொழிலாளரை அக்கரையில் மண்டபம் முகாமிலே தங்கவைத்தனர். வாந்திபேதி இல்லையென்று கண்ட பின்னரே அவர்கள் கப்பலேறினர். மறிக்கப்பட்டோர் பட்ட துயரை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். காவல் நின்றவன் கதையை யார் கேட்டார்?

2020 டிசம்பரில் அக்கதையைக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. தெற்கே ஒரு சிறைச்சாலையில் காவலராயிருக்கும் என் அயலவர், நெடுநாட்களுக்குப் பின் ஊர் வந்திருந்தார். வந்தவர் வீட்டினுள் நுழையவில்லை. வளவின் மூலையிலிருந்த வலைக்கொட்டிலில் பதினான்கு நாட்கள் தனித்திருந்தார். மனைவி சோற்றை முக்காலியில் வைத்துவிட்டு விலகுவார். மகள் எட்ட நின்று பேசுவாள்.

"நேரம் முடிஞ்சுது, போங்கோ எண்டு எத்தனை தாய்மாரைத் திருப்பி அனுப்பியிருப்பன், அண்ணை! இப்பதான் அந்தச் சொல்லின்ர பாரம் தெரியுது" என்றார் வேலிக்கு அப்பாலிருந்து.

அவ்வாண்டு மார்ச்சில் கைதிகளை உறவினர் காண்பது நிறுத்தப்பட்டது. பார்வையாளர் வருகை என்பது வெறும் பேச்சன்று; சோறு, சவர்க்காரம், வீட்டுச் செய்தி யாவும் அவ்வழியேதான் உள்ளே போகும். அது நின்றதும், தாய் உயிரோடிருக்கிறாளா என்ற கேள்விகூடக் காவலனிடமே வந்தது. அவனோ தன் வீட்டுச் செய்தியே அறியாதவன். கொள்ளளவின் இருமடங்குக்கும் மேலாக மனிதர் அடைபட்டிருந்த கூடங்களில் இடைவெளி பேணுவதெங்ஙனம்? அவன் சுவாசித்ததும் அதே காற்றைத்தான்.

நம் ரயிற்பாதை மதவாச்சியைக் கடந்து சேரும் அனுராதபுரத்தில், மார்ச் 21ஆம் திகதி சிறைக் கலவரத்தில் கைதிகள் இருவர் மாண்டனர். நவம்பர் 29இல் மஹரவில் பதினொருவர் மாண்டனர். காயமுற்றோர் நூற்றுக்கு மேல். அவர்களுள் சிறை உத்தியோகத்தரும் இருந்தனர். கைதிகள் தமக்குள் மோதி இறந்தனர் என்ற பேச்சு முதலில் எழுந்தது. பிரேத பரிசோதனைகளோ துப்பாக்கிக் காயங்களைக் காட்டின. மஹரக் கைதிகள் கேட்டவற்றுள் ஒன்று, நோய்ப் பரிசோதனை. அதைக் கேட்டது குற்றமென்று எவ்வாறு கூறுவது? காவலருக்கும் அது வேண்டியிருந்ததன்றோ!

"நீர் அங்கே நின்றிருந்தால் சுட்டிருப்பீரா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ, அறியேன்.

அவர் கடற்பக்கம் பார்த்தபடி நின்றார். சோறு வைத்தாயிற்றென்று மனைவி குரல் கொடுத்தார். அவர் விலகிச் செல்லும்வரை காத்திருந்து, பின் மெல்ல முக்காலியை நோக்கி நடந்தார்.