வெள்ளாற்றங்கரைக்கு இரண்டு பேராகப் போங்கள்

பெண்ணாடம் சுடர்க்கொழுந்தீசர் கோயிலை வரைய உட்காருகிறவர்கள் முதலில் தோற்பது அதன் முதுகிடம். சதுர விமானம் என்றால் பிழைத்துக்கொள்ளலாம். வெயில் படும் சுவர் ஒன்று, படாத சுவர் ஒன்று, நடுவில் ஒரு மூலை. ஸ்கேல் பிடித்துப் பழகிய கை அதை எப்படியும் சமாளித்துவிடும். இங்கே இருப்பது தூங்கானை மாடம். யானை படுத்திருக்கும்போது அதன் பின்புறம் எப்படி வளைந்திருக்குமோ அப்படி வளைந்து போகிறது சுவர். ஒளி எங்கேயும் முறிவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகிறது. நிழல் இங்கேதான் தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

வாட்டர்கலரில் அந்த வளைவைக் கொண்டுவர ஒரே வழி, தாள் ஈரமாக இருக்கும்போதே வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு ஒரே இழுப்பில் போவதுதான். நின்று யோசித்தால் கோடு விழும். விழுந்த கோட்டை மறைக்க மேலே இன்னொரு பூச்சு பூசினால் சுவர் அழுக்காகிவிடும். மே மாதத்தில் பிரஷ் அந்தப் பக்கம் போய்ச் சேருவதற்குள் இந்தப் பக்கம் காய்ந்துவிடுகிறது. ஆகவே காலை ஆறு மணிக்கே உட்கார்ந்தாக வேண்டும். பத்து மணிக்கு மேல் விருத்தாசலம் பக்கத்து வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும், கோபுரம் உட்பட.

செல்போனில் படம் எடுத்துப்போய் வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து வரையலாமே என்று கேட்பார்கள். வரையலாம், பலரும் அப்படித்தான் வரைகிறார்கள். ஆனால் கேமரா நிழலைக் கறுப்பாக்கிவிடும். நேரில் பார்த்தால் விமானத்தின் நிழல் பக்கத்தில் கறுப்பே கிடையாது. தரையில் விழுந்த வெயில் மேலே எழும்பிச் சுவரின் அடிப்பகுதியைச் செம்பழுப்பாக்குகிறது, மேலே போகப்போக வானத்தின் நீலம் கலக்கிறது. போட்டோவைப் பார்த்து வரைந்த நிலக்காட்சியை அதன் நிழலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். இடத்தில் உட்கார்ந்து வரைவது சம்பிரதாயமோ வீம்போ இல்லை. அந்தச் செம்பழுப்பு வேறெங்கும் கிடைக்காது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் இடத்தில் உட்கார்ந்தே ஒரு வாழ்நாளைக் கழித்தவர் சில்பி. நாமக்கல்லில் 1919-இல் பிறந்த சீனிவாசன். பையன் வரைந்ததைப் பார்த்து, சென்னை ஓவியப் பள்ளிக்குப் போ என்று சொன்னவர் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. கவிஞராக எல்லோருக்கும் தெரிந்த அவர், தொழில் முறையில் படம் எழுதியவரும்கூட. பிறகு ஆனந்த விகடனில் ஓவியர் மாலி. சில்பியின் கை எதற்கு வாகானது என்று பார்த்து, கோயில் பக்கம் திருப்பிவிட்டது மாலிதான். விகடனின் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்குச் சில்பி படம் வரைய, எழுத்தாளர் தேவன் எழுதினார். ஒருவர் சிற்பத்தைப் பார்க்க, இன்னொருவர் அதன் கதையைத் தேடினார். இப்படியே தென்னாட்டுக் கோயில்கள் வாரா வாரம் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. அந்தப் படங்களில் தூணின் பள்ளத்தில் இருட்டு எவ்வளவு அடர்த்தி, மேட்டில் வெளிச்சம் எவ்வளவு என்பதைக் கோட்டாலேயே சொல்லியிருப்பார். மணிக்கணக்கில் அந்தத் தூணுக்கு எதிரே உட்காராதவனுக்கு அது வராது. பின்னாளில் பத்மவாசன் அவரிடம் சீடராக இருந்து அந்தக் கையை வாங்கிக்கொண்டார்.

இதில் கவனிக்க வேண்டியது, சில்பி தனியாக வளரவில்லை என்பது. கோயிலில் அவர் தனியாக உட்கார்ந்தார், உண்மைதான். ஆனால் அனுப்பியவர் ஒருவர், திருப்பியவர் ஒருவர், கூட நடந்தவர் ஒருவர் என்று எப்போதும் ஆள் இருந்தது. மேதை தனிமையில் உதிக்கிறான் என்பது சினிமாவுக்கு நல்ல கதை.

அவர் படித்த சென்னை ஓவியப் பள்ளி அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கியது. நெடுங்காலம் அது கைத்தொழில் கற்றுக்கொடுக்கிற இடமாகவே இருந்தது. 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக வந்தபின் அது நுண்கலைப் பக்கம் திரும்பியது. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர்தான் அவர். அவரிடம் 1936-இல் வந்து சேர்ந்தார் கே.சி.எஸ். பணிக்கர். அப்போது அவருக்கு வயது 25. கோவையில் பிறந்து, பள்ளிப் பருவத்திலேயே கேரளத்துக் கால்வாய்களையும் தென்னந்தோப்புகளையும் வாட்டர்கலரில் வரையத் தொடங்கியவர். தகப்பனார் இறந்ததும் குடும்பத்துக்காகப் படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். அந்த வருடங்களிலும் பிரஷைக் கீழே வைக்கவில்லை. பள்ளிக்கு வரும்போதே அவர் நிலக்காட்சி ஓவியர். இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் தோப்பும் தண்ணீரும், பிறகு சம்பளத்துக்கு ஓடும் வருடங்கள், கல்லூரி கடைசியில்தான்.

1944-இல் பணிக்கர் நண்பர்களையும் மாணவர்களையும் சேர்த்து முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர் சென்னையில் அரிதாக இருந்த காலம் அது. வாங்க ஆளில்லாதபோது பார்க்கவாவது ஆள் வேண்டுமே. 1954-இல் அவர் லண்டனிலும் பாரிஸிலும் காட்சி வைத்துவிட்டுத் திரும்பினார். 1957-இல் ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வரானார். மாணவர்கள் படித்து முடித்ததும் வயிற்றுப்பாட்டுக்காக எங்கெங்கோ போய் வரைவதையே விட்டுவிடுவது அவரை அரித்தது. படம் விற்காது, ஆனால் பாத்திக் துணி விற்கும். ஆகவே கைவினைப் பொருள் செய்து விற்று, அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரம் நிலம் வாங்கினார்கள். 1966-இல் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமம் அப்படி வந்ததுதான். சர்க்கார் மானியத்துக்கு மனுப் போட்டு உட்கார்ந்திருந்தால் இன்றுவரை அது மணல்மேடாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பணிக்கர் கடைசியில் நிலக்காட்சியை விட்டு, எழுத்தும் குறியீடுமாக வரையப் போய்விட்டாரே என்று கேட்கலாம். போனார். ஆனால் அந்தப் படங்களில் எங்கே நிரப்புவது, எங்கே வெறுமையாக விடுவது என்ற கணக்கு, வானத்தையும் தண்ணீரையும் பல வருடம் வரைந்த கண்ணின் கணக்கு என்றே எனக்குப் படுகிறது.

பகலில் வேறு வேலை பார்க்கிறவர்களுக்கு அச்சுதன் கூடல்லூர்தான் பொருத்தமான உதாரணம். கேரளத்தில் 1945-இல் பிறந்தவர், படித்தது சிவில் இன்ஜினியரிங், பிழைப்புக்கு வந்தது தமிழ்நாடு. ஓவியப் பள்ளி வளாகத்திலேயே மெட்ராஸ் ஆர்ட் கிளப் என்று ஒன்று உண்டு. பட்டம் வேண்டாம், நுழைவுத் தேர்வு வேண்டாம், மாலையில் வந்து வரையலாம். இன்ஜினியர் ஓவியரானது அங்கேதான். அவருடைய அரூப ஓவியங்களில் மரம் இருக்காது, ஆறும் இருக்காது, ஆனால் சொந்த ஊர் நிளா நதிக்கரையின் நிறம் இருக்கும். 2022-இல் மறைந்தார்.

வெளிநாட்டுக் கதையும் இதேதான். 1869 கோடையில் மோனேயும் ரெனுவாரும் பாரிஸுக்குப் பக்கத்தில் செய்ன் நதியோரக் குளியல் துறையில் அருகருகே உட்கார்ந்து வரைந்தார்கள். இருவர் கையிலும் காசில்லை. மோனே தண்ணீரைப் பிடித்துக்கொண்டார், ரெனுவாருக்கு அங்கே நின்ற மனிதர்கள். ஒரே இடத்தை இன்னொரு கண் வேறாகப் பார்க்கிறது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித் தராது. செஸான் முப்பது வயது தாண்டியபின் பிஸாரோவின் நிலக்காட்சி ஒன்றை இரவல் வாங்கி வைத்து அப்படியே நகல் எடுத்துப் பழகினார். அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் பெண்ணாடத்தில் வைத்து எதற்குச் சொல்கிறேன் என்றால், இங்கே வரைவதற்கு இருப்பதில் பாதிகூட இன்னும் தாளுக்கு வரவில்லை. விமானத்துக்குப் பின்னாலேயே கட்டுமலை மேல் இன்னொரு சன்னதி நிற்கிறது. வழக்கத்துக்கு மாறாகச் சுவாமிக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்திருக்கும் நந்தி. ஊழிவெள்ளத்தைத் தடுக்கத் திரும்பியது என்பது தலபுராணம், வரைகிறவனுக்கு அது காலை வெயில் முகத்தில் நேராக விழும் நந்தி. ஊரை ஒட்டி வெள்ளாறு. வருடத்தில் பெரும்பகுதி மணல்தான். அந்த மணலுக்கு விடியலில் ஒரு நிறம், மழை முடிந்த கார்த்திகையில் ஒரு நிறம். கரும்பு பூத்த வயல் வெள்ளையா சாம்பலா என்று நிச்சயிக்கவே ஒரு காலைப் பொழுது போய்விடும்.

ஆளுக்கும் பஞ்சமில்லை. ஃப்ளெக்ஸ் வந்து தொழிலைப் பிடுங்கிக்கொண்ட போர்டு ஆர்ட்டிஸ்ட்டுகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். கையளவு படத்தைச் சுவரளவுக்குப் பெரிதாக்கத் தெரிந்த அந்தக் கண் கல்லூரியில் எளிதில் கிடைக்காது. 2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு எடுக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களில் ஓவிய ஆசிரியர்களும் உண்டு. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, அதற்கேற்ற சம்பளம். பக்கத்தில் விருத்தாசலத்தில் செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது, அந்தத் தொழிலைக் கற்றுத்தரும் அரசு நிறுவனம் இருக்கிறது, பொம்மைக்கும் அகல் விளக்குக்கும் வண்ணம் தீட்டும் கைகள் இருக்கின்றன. சூளைக்குப் போகுமுன் ஒரு நிறம், வெந்து வந்தபின் வேறு நிறம் என்பது அவர்களுக்குத் தினசரி அனுபவம். வாட்டர்கலரும் ஈரத்தில் ஒன்று, காய்ந்தபின் வெளிறி வேறொன்று. பிரஷ் பிடித்த மறுநாளே அதைப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் அவர்கள்தான்.

இல்லாதது ஒன்றுதான், கூட உட்காரும் பழக்கம். கோயில் வாசலில் தனியாக உட்கார்ந்து வரைந்தால் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு, இது என்ன, எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பார்கள். இரண்டு பேராக உட்கார்ந்தால் அந்தக் கேள்வி பாதியாகக் குறையும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு புரளாமல் இருக்க, ஆற்றங்கரையில் ஒருத்தன் காத்திருக்கிறான் என்ற நினைப்பு போதும். நண்பனைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனம் வேண்டும். "சூப்பர்டா" என்று மட்டும் சொல்கிறவனை டீக்கடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "வெயில் கிழக்கேயிருந்து வருது, நிழலையும் கிழக்கேயே போட்டிருக்கியே" என்று கேட்கிறவன்தான் ஆற்றங்கரைக்கு வர வேண்டியவன்.

விருத்தாசலம், பெண்ணாடம் பக்கத்துப் பள்ளிகளுக்கும் செராமிக் நிறுவனத்துக்கும் ஒரு வேண்டுகோள். வாரத்தில் இரண்டு மாலை ஒரு வகுப்பறையைத் திறந்து வையுங்கள். மெட்ராஸ் ஆர்ட் கிளப்பைப் போல யாரும் வந்து வரையட்டும், சான்றிதழ் எதுவும் கேட்காதீர்கள். நான்கு பெஞ்சு, இரண்டு டியூப்லைட், தண்ணீர் வரும் ஒரு குழாய் இருந்தால் போதும்.