பெண்ணுக்கு எத்தனை பேண்ட்?

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகப் பேசவேண்டிய விஷயம் இது. பஞ்சாபிக் காதல் என்றதும் நமக்கு இந்தி சினிமாவின் கடுகு வயல்தான் ஞாபகம் வருகிறது. மோகாவிலோ ஜலந்தரிலோ பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்ணில் படுவது வேறு. சுவருக்குச் சுவர் ஐஈஎல்டிஎஸ் பயிற்சி மைய விளம்பரம். அங்கே கல்யாணம் எப்படி மாறியது என்பதை அந்த ஆங்கிலத் தேர்விலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தலைமுறை தலைமுறையாகப் பாகம் பிரித்து, வீட்டுக்குச் சில ஏக்கரே மிஞ்சிய ஊர்கள். பையனுக்குக் கனடா போகவேண்டும், ஆங்கிலம் வரவில்லை. பக்கத்து ஊர்ப் பெண் பிளஸ் டூ முடித்து, அந்தத் தேர்வில் ஆறரை பேண்ட் மதிப்பெண் வாங்கிவிட்டாள், கல்லூரிக் கட்டணத்துக்கு அவள் அப்பாவிடம் பணமில்லை. இடையில் விச்சோலா என்கிற கல்யாணத் தரகர் வருகிறார். படிப்புச் செலவு, விமான டிக்கெட், கல்யாணச் செலவு எல்லாம் பையன் வீட்டார் பொறுப்பு. பெண் மாணவர் விசாவில் முன்னால் போவாள், பிறகு கணவனை அழைத்துக்கொள்வாள். வரதட்சணை வாங்கியே பழகிய மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்காகப் பணம் கட்டினார்கள். மணமகள் தேவை விளம்பரங்களில் ஜாதி, உயரத்தோடு பேண்ட் எண்ணும் அச்சானது.

இதை விடுதலை என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. பத்தொன்பது வயதுப் பெண் கனடாவின் பிராம்டனில் ஒரு பேஸ்மென்ட் அறையை நாலு பேரோடு பகிர்ந்துகொண்டு, இரவு ஷிஃப்ட் பார்த்து, வாடகை கட்டித் தன் காலில் நிற்கிறாள். ஆனால் இன்னொரு குடும்பத்தின் லட்சங்கள் அவள் தலையில் கடனாக நிற்கின்றன. அங்கே மனசுக்குப் பிடித்த ஒருவனைப் பார்த்துவிட்டால், இங்கே அவள் அப்பாமீது மோசடிப் புகார் பாயலாம். ஏமாற்றிய பெண்கள் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் லீவில் வந்து கல்யாணம் செய்து, சீர் வாங்கிக்கொண்டு, அப்புறம் திரும்பியே பார்க்காத வெளிநாட்டு மாப்பிள்ளைகளைப் பஞ்சாப் பல காலமாகப் பார்த்திருக்கிறது. அப்போது இவ்வளவு கூச்சல் எழவில்லை. 2024 மார்ச்சில் கனடா, துணைவர்களுக்கான வேலை அனுமதியைப் பெரும்பாலும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களின் துணைவர்களோடு நிறுத்திக்கொண்டது. பிளஸ் டூ முடித்த பெண்ணை நம்பி நடந்த இந்த ஏற்பாட்டுக்கு அது பெரிய அடி.

பெண் தனியாகக் கடல் தாண்டலாம், சம்பாதிக்கலாம். யாரைக் கட்டிக்கொள்வது என்பதை மட்டும் தனியாக முடிவுசெய்யக் கூடாது. சிக்கல் இந்த இடத்தில்தான். ஒரே ஊர்க்காரர்கள் அண்ணன் தங்கை முறை, ஒரே கோத்திரத்தில் சம்பந்தம் கூடாது, ஜாதி தாண்டினால் பேச்சே இல்லை. இவ்வளவுக்கும் நடுவே தானே ஒருவனைத் தேர்ந்தெடுக்கிற பெண் செய்வதைக் கவனியுங்கள். முதலில் பாபியிடம், அதாவது அண்ணியிடம் சொல்கிறாள். பாபி அம்மாவின் காதில் போடுகிறாள். அப்பாவுக்குக் கடைசியில்தான் தெரியும். அதற்குள் ஒரு பெரியவரைப் பிடித்து, வரன் எங்கிருந்தோ தானாக வந்ததுபோல பயோடேட்டாவைக் கொடுத்துவிடுகிறார்கள். பெண் பார்க்கிறார்கள், ரோக்கா என்கிற நிச்சயச் சடங்கு நடக்கிறது, ஸ்வீட் பாக்ஸ் கைமாறுகிறது. ஊரைப் பொறுத்தவரை அது பெரியவர்கள் பேசிமுடித்த கல்யாணம். இதைக் கோழைத்தனம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காதலித்தவனையும் விடாமல், பிறந்த வீட்டையும் இழக்காமல் இருக்க அவர்கள் பொறுமையாகக் கண்டுபிடித்த வழி இது.

வீடு இறங்கிவராவிட்டால் சண்டிகரில் இருக்கும் உயர் நீதிமன்றம்தான் கதி. குருத்வாராவிலோ கோயிலிலோ கல்யாணத்தை முடித்த கையோடு, உயிருக்குப் பாதுகாப்புக் கேட்டு அங்கே வரும் ஜோடிகள் ஏராளம். வயதுவந்த இருவர் சேர்ந்து எடுக்கும் முடிவுக்குக் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று 2018-இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. இப்படிப்பட்ட ஜோடிகளுக்குப் பாதுகாப்பு இல்லங்கள் அமைப்பது பற்றியும் மாநிலங்களுக்கு வழிகாட்டியது. உயர் நீதிமன்றத்தில் கொடுக்கும் மனுவோடு வயதுச் சான்றும் கல்யாணப் போட்டோவும் இணைக்கிறார்கள். எதிர்மனுதாரர் பட்டியலில் போலீஸ் அதிகாரிகளுக்குக் கீழே பெரும்பாலும் பெண்ணின் அப்பா பெயரும் அண்ணன் பெயரும் இருக்கும்.