வாய்க்கேற்ற இரை

ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவரிடம் பேச்சுக் கொடுப்பவர்கள் முதலில் கேட்பது, "என்னண்ணே, என்ன இரை?" என்றுதான். மைதா மாவு, மண்புழு, புண்ணாக்கு, ரொட்டி என்று பதில் ஆளுக்கு ஆள் மாறும். தன் இரைக்கு நிகரில்லை என்று ஒவ்வொருவரும் அடித்துச் சொல்வார்கள். கெண்டை இனத்து மீன்களைப் பிடிக்க வேண்டுமானால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: தண்ணீருக்குள் இருக்கும் மீனின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது? இது தெரிந்துவிட்டால் எந்த இரை, எவ்வளவு ஆழம், தக்கையை எங்கே கட்டுவது என்பதெல்லாம் பாதி முடிவானது போலத்தான்.

அடுத்த முறை மீன் வாங்கப் போகும்போது கட்லா, ரோகு, மிர்கால் மூன்றின் முகத்தையும் சற்று நின்று பாருங்கள். கட்லாவுக்குத் தலை பெரிது. கீழ்த்தாடை முன்னே நீண்டிருப்பதால் வாய் மேல்நோக்கித் திறக்கிறது. மீசை கிடையாது. செவுள் மூடியைத் தூக்கினால் உள்ளே சீப்பின் பற்களைப் போல நெருக்கமாக முட்கள் வரிசையாக நிற்கும். மேல்நீரில் மிதக்கும் நுண்ணிய உயிர்களை வடிகட்டித் தின்பதற்கான அமைப்பு அது. ரோகுவின் வாய் சற்றுக் கீழ்நோக்கியது. தடித்த உதட்டின் ஓரம் குஞ்சம் வைத்ததுபோல் இருக்கும். நடுநீரில் திரிந்து, செடித்தண்டிலும் கல்லிலும் படிந்த பாசியைச் சுரண்டித் தின்னும் மீன் இது. மிர்காலின் வாய் அகலமானது, உதடு மெல்லியது, முழுக்க அடித்தரையைப் பார்த்தது. சேற்றில் மக்கிக் கிடப்பதே அதன் சாப்பாடு.

ஒரே ஏரியில் மூன்றையும் சேர்த்து விடுவதற்குக் காரணமும் இதுதான். சாப்பாட்டுக்கு அவற்றுக்குள் பெரிய போட்டி இல்லை. கங்கைச் சமவெளி ஆறுகளின் மீன்கள் இன்று நம்மூர் ஏரிகளிலும் பண்ணைக் குட்டைகளிலும் இவ்வளவு சாதாரணமாகிவிட்டதற்குப் பின்னால் 1957 ஜூலை 10 என்ற தேதி இருக்கிறது. அன்று ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரி, பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டை மீன்களை முட்டையிட வைத்தார். மீன்குஞ்சுக்காக ஆற்று வெள்ளத்தையே நம்பியிருந்த நிலை அதற்குப் பின் மாறத் தொடங்கியது. ஜூலை 10 இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினம்.

தூண்டில் விஷயத்துக்கு வருவோம். கட்லா வேண்டுமென்றால் தக்கைக்குக் கீழே ஓரிரண்டு அடி ஆழத்தில் இரை நிற்க வேண்டும். அதுவும் இறுகிய உருண்டையாக இருந்தால் பயனில்லை. தண்ணீரில் மெல்ல உதிர்ந்து, தூளாகச் சுற்றிலும் பரவும் மாவாக இருக்க வேண்டும். அந்தத் தூளை உறிஞ்ச வரும் கட்லா, தூண்டில் முள்ளையும் சேர்த்து வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். கனத்த ஈயக்குண்டு கட்டி மண்புழுவை அடியில் இறக்கிவிட்டுக் கட்லாவுக்காகக் காத்திருப்பது பெரும்பாலும் வெட்டிவேலை. மிர்காலுக்கோ அதே அடித்தரைதான் சரியான இடம். இந்த மீன்களை நெடுங்காலமாக அறிந்த வங்காளத்துத் தூண்டில்காரர்கள், முள்ளில் வைக்கும் இரைக்கு முன்பே தண்ணீரில் இறைக்கும் இரையைத் தயாரிப்பார்கள். வறுத்த கடுகுப் புண்ணாக்கும் வாசனைப் பொருட்களும் அதில் சேரும். முள்ளுக்கு மாவோடு செவ்வெறும்பின் முட்டையைப் பிசைந்து வைப்பவர்களும் உண்டு. முதலில் மீனை ஓரிடத்துக்குக் கூட்டி வருவது, பிறகு முள்ளைக் காட்டுவது என்ற அந்த வரிசை மிகச் சரியானது.

இந்த மூன்றையும்விட அதிகம் ஆராயப்பட்ட வாய் சாதாக் கெண்டையுடையது. அதன் ஒரு வகையான கண்ணாடிக் கெண்டை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. வாயோரத்தில் இரண்டு ஜோடி மீசை. தாடையில் ஒரு பல்கூடக் கிடையாது. பற்கள் தொண்டைக்குள் இருக்கின்றன, நத்தை ஓட்டை நொறுக்கும் அளவுக்கு வலுவாக. சேற்றைக் கண்டதும் வாய் குழாயாக முன்னே நீளும். சேறு, கல், புழு, விதை எல்லாம் ஒரே உறிஞ்சலில் உள்ளே போகும். அங்கே அண்ணத்தில் சுவை மொட்டுகள் நிறைந்த தசை மெத்தை ஒன்று இருக்கிறது. உணவுத் துணுக்கு எங்கே படுகிறதோ அந்த இடம் மட்டும் புடைத்து அதைப் பிடித்துக்கொள்ள, மண்ணும் கல்லும் அலசப்பட்டு வெளியே போய்விடும். இந்த வேலைக்கென்றே கெண்டையின் மூளைப் பின்பகுதியில் பெரிதாகப் புடைத்த மடல் ஒன்று உண்டு. மூளையிலேயே இவ்வளவு இடத்தை வாய்ச்சுவைக்கு ஒதுக்கி வைத்த உயிரை மாவு உருண்டையால் ஏமாற்றப் பார்க்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கல்லைத் துப்பத் தெரிந்த மீனுக்கு முள்ளைத் துப்புவது பெரிய காரியமில்லை. தக்கை லேசாக ஆடி நின்றுவிடுகிறதே, அப்போது கீழே பலமுறை நடப்பது இதுதான். இங்கிலாந்தில் லென்னி மிடில்டன், கெவின் மேடக்ஸ் என்ற இருவர் மீன் தொட்டியில் கெண்டைகள் இரையை உறிஞ்சித் துப்புவதைக் கவனித்து ஒரு வழி கண்டார்கள். 1980-ஐ ஒட்டி அது தூண்டில்காரர்களிடையே பரவியது. இரையை முள்ளில் குத்தாமல், முள்ளிலிருந்து தொங்கும் மெல்லிய இழையில் கோத்துவிடுவதுதான் அந்த வழி. தொடக்கத்தில் இழைக்குப் பயன்பட்டது மனிதத் தலைமுடி. அதனால் 'ஹேர் ரிக்' என்ற பெயர் நிலைத்தது. இரை முள்ளோடு ஒட்டாததால் வாய்க்குள் இயல்பாகப் போகிறது, வெறும் முள் பின்னாலேயே போகிறது. மீன் துப்பும்போது இரை முதலில் வெளியேறும். முள்ளின் கூர் உதட்டில் பதிந்துவிடும். அடியில் கிடக்கும் கனமான ஈயக்குண்டு மீதி வேலையைச் செய்யும். மக்காச்சோளமும் கொண்டைக்கடலையும் இதற்கு மிகப் பொருத்தம். ஆனால் இரவு முழுக்க ஊறவைத்து, நன்றாக வேகவைத்த பிறகே தண்ணீரில் போட வேண்டும். காய்ந்த தானியம் மீனின் குடலுக்குள் ஊதினால் அது மீனுக்குச் செய்யும் கேடு.

இரையில் என்ன கலப்பது என்பதில்தான் வாய்ச்சண்டை அதிகம். ஏலக்காய், பூண்டு, பெருங்காயம், வனிலா எசன்ஸ் என்று பட்டியல் நீளும். நம் மூக்குக்கு வரும் மணம் காற்றில் வருவது. மீனுக்கு எட்டுவது தண்ணீரில் கரைவது மட்டுமே. கெண்டையின் சுவை மொட்டுகள் அமினோ அமிலங்களை மிக நுட்பமாக உணர்கின்றன. புழுவிலிருந்தும் பூச்சியிலிருந்தும் கசிவது அதுதான். மாவையும் புண்ணாக்கையும் ஒருநாள் ஊறவைத்துப் புளிக்கவிடும் பழக்கத்துக்கு இங்கேதான் பொருள் கிடைக்கிறது. புளிக்கும்போது புரதம் உடைந்து, கரையக்கூடிய சிறு துண்டுகளாகிறது. எண்ணெயை அள்ளி ஊற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது தண்ணீரில் கரையாது. குளிர்ந்த நீரில் பரவுவதும் குறைவு. ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த இடங்களில் மண்புழுவே என் தேர்வு.

அளவும் முக்கியம். கெண்டைக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகிறது. அதனால் அது கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்க மேயும் பழக்கமுள்ளது. ஒரே நேரத்தில் கூடை நிறைய இறைத்தால் வயிறு நிறைந்து ஒதுங்கிவிடும், மிஞ்சியது அடியில் அழுகும். கைப்பிடி அளவில் விட்டுவிட்டு இறைப்பதே சரி.

பச்சை படர்ந்த ஏரியில் விடியற்காலையே போய் உட்காருவது பலரின் வழக்கம். ஆனால் இரவெல்லாம் பாசியும் ஆக்சிஜனைச் செலவழிப்பதால், அப்படிப்பட்ட நீரில் அது மிகக் குறைந்திருப்பது விடியலுக்குச் சற்று முன்புதான். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசியில்லை, மூச்சுத்திணறல். வெயில் ஏறி ஓரிரு மணி நேரம் கழிந்தபின் அவை தின்னத் தொடங்கும்.

காயம்பட்ட மீனின் தோலிலிருந்து எச்சரிக்கைப் பொருள் ஒன்று நீரில் கலப்பதை 1938-இல் கார்ல் வான் ஃப்ரிஷ் சிறு மீன்களில் கண்டறிந்தார். கெண்டைக் குடும்பத்துக்கே இது பொதுவானது. பிடித்த மீனை இரை போட்ட இடத்திலேயே நெடுநேரம் போராட விடாமல் விரைவாக வலையில் எடுப்பதற்கு இது நல்ல காரணம். இன்னொன்று, மீனின் நினைவு. நெதர்லாந்தில் பெயுக்கெமா 1970-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே ஒருமுறை முள்ளில் சிக்கிய கெண்டைகளை மறுபடி பிடிப்பது வெகுவாகக் கடினமானது. இந்த எச்சரிக்கை ஓராண்டு வரையிலும்கூட நீடித்தது. நம்மூரில் பிடித்த மீன் குழம்புக்குப் போய்விடுகிறது, ஆகவே கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பில்லை. தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போனதுதான் கற்றுக்கொள்கிறது, அது பெரும்பாலும் ஏரியிலேயே பெரிய மீனாகவும் இருக்கும். அதைத் திரும்பப் பிடிக்க நினைப்பவர் வேறு இரையோடு, மெல்லிய நரம்போடு, ஏரியின் வேறு மூலைக்குப் போக வேண்டும்.