மூன்று பொத்தானில் எல்லாச் சுரமும்!
கல்யாண பேண்டுக் குழலின் கதை

காரைக்குடியில் மாப்பிள்ளை அழைப்பு. ஊர்வலத்தின் முன்னால் பேண்டு வாத்தியம் போகிறது. பளபளக்கும் பித்தளைக் குழலை ஒருவர் ஊதுகிறார். அதுதான் டிரம்பெட். சினிமாப் பாட்டு அப்படியே வருகிறது!

அவருடைய விரல்களைக் கவனித்திருக்கிறீர்களா? நாகசுரத்தைப் போல அந்தக் குழலில் துளைகள் இல்லை. மூன்றே மூன்று பொத்தான்கள்தான். அவற்றை அமுக்குகிறார், விடுகிறார். அதற்குள் இத்தனை சுரங்கள் எப்படி வருகின்றன?

தாவித் தாவி வரும் சுரம்

கோவில் எக்காளத்தைக் கேட்டிருப்பீர்கள். போலீஸ்காரர்கள் ஊதும் பியூகிளையும் கேட்டிருப்பீர்கள். அவற்றில் பொத்தான் கிடையாது. உதட்டை இறுக்கி ஊதினால் சுரம் மேலே ஏறும். ஆனால் படிப்படியாக ஏறாது, தாவும். கீழ் 'ஸ'வில் இருந்து 'ப'வுக்குத் தாவும். அங்கிருந்து மேல் 'ஸ'. பிறகு 'க', 'ப'. நடுவில் உள்ள சுரங்கள் வருவதில்லை. மிக உயரத்தில் ஊதினால் சுரங்கள் நெருங்கி வரும். ஆனால் அப்படி ஊதுவது எல்லோராலும் முடியாது.

ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் இதே கதைதான். பெரிய வித்துவான்கள் கூடி வாசிக்கும் கச்சேரியில், டிரம்பெட் வாசிப்பவர் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருப்பார். தன் சுரம் வரும்போது மட்டும் ஊதுவார்.

இந்தக் குறையைப் போக்கப் பலர் பாடுபட்டார்கள். வியன்னா நகரத்து வைடிங்கர், குழலில் துளை போட்டு மூடி வைத்தார். அவருக்காகவே இசை மேதை ஹைடன் 1796-ல் ஓர் இசை அமைத்தார். 1800-ல் வைடிங்கர் அதை வாசித்துக் காட்டினார். ஆனால் துளை வழியாக வந்த சுரங்களில் பழைய கம்பீரம் இல்லை. அந்தக் குழல் நிலைக்கவில்லை.

வழி பிறந்தது!

அந்தக் காலத்தில் தஞ்சையை ஆண்டவர் இரண்டாம் சரபோஜி மன்னர் (1798-1832). அவர் தமது அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு வைத்திருந்தார். அதே காலத்தில்தான் ஜெர்மனியில் வழி பிறந்தது.

ஸ்டோல்ட்சல், புளூமெல் என்று இரண்டு வாத்தியக்காரர்கள். "கண்டுபிடித்தது நான்தான்" என்று இருவருமே சொன்னார்கள்! கடைசியில் 1818-ல் இருவர் பெயரிலும் சேர்த்தே உரிமை பதிவாயிற்று.

அவர்கள் கண்டது என்ன? குழல் நீண்டால் சுரம் இறங்கும். பொத்தானை அமுக்கினால் ஒரு வால்வு திறக்கிறது. காற்று ஒரு சிறு குழாயையும் சுற்றிக்கொண்டு போகிறது. குழல் நீண்டுவிட்டது; சுரம் இறங்கிவிட்டது!

இன்றைய டிரம்பெட்டில் நடுப் பொத்தான் ஒரு படி இறக்கும். முதல் பொத்தான் இரண்டு படி. மூன்றாவது மூன்று படி. மாற்றி மாற்றிச் சேர்த்து அமுக்கினால் ஆறு படி வரை இறங்கலாம்.

நம் சங்கீதத்தில் 'ஸ'வுக்கும் 'ப'வுக்கும் நடுவே எத்தனை சுர ஸ்தானங்கள்? ரி இரண்டு, க இரண்டு, ம இரண்டு. மொத்தம் ஆறு! 'ப'வில் இருந்து ஆறு படி இறங்கினால் ஆறும் கிடைத்துவிடும். தாண்டிப் போன இடமெல்லாம் நிரம்பிவிட்டது.

வேண்டாம் என்றவர்

புதுக் குழலை எல்லோரும் உடனே கொண்டாடவில்லை. 1835-ல் பாரிஸில் ஹாலெவி தமது இசை நாடகத்தில் பழைய ஹார்ன், வால்வு ஹார்ன் இரண்டையுமே ஊத வைத்தார். ஜெர்மன் மேதை பிராம்ஸோ, 1865-ல் கூடத் தமது இசைக்குப் பழைய ஹார்னையே கேட்டார். அதன் குழைவு அவருக்குப் பிடித்திருந்தது. அவருடைய தகப்பனாரே ஹார்ன் வாசித்தவர்.

காரைக்குடிக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். வீணைக்குப் பெயர் போன ஊர் அல்லவா? வீணையில் மெட்டின் மேல் தந்தியை இழுத்தால் கமகம் பிறக்கிறது. பொத்தான் சுரத்தைக் கொடுக்கும், கமகத்தைக் கொடுக்காது. அதை உதட்டாலும் மூச்சாலும்தான் கொண்டு வர வேண்டும்.

அடுத்த முறை பேண்டு வாத்தியம் உங்கள் தெருவில் வந்தால், அந்த மூன்று விரல்களைப் பாருங்கள். பிறகு ஊதுகிறவரின் உதட்டையும் பாருங்கள். பாதி வேலைதான் பொத்தானுடையது. மீதி அவருடைய உழைப்பு!